வாய் கிழிந்த பரங்கி

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு
ரிசார்ட் வேனில் வந்து இறங்கினான் தவசி,
இரண்டு கையிலும் கட்டைப் பை.
காலையிலிருந்து முப்பத்தியொரு பரங்கிக்காய்க்குக்
கண்ணும் மூக்கும் வாயும் வெட்டியிருக்கிறான்.
முகங்கள் எல்லாம் அங்கே,
பெங்களூர்க்காரர்கள் செல்ஃபி எடுக்க.
சுரண்டிய சதை எல்லாம் இங்கே,
என் சமையல்கட்டில்.

ஹாலோவீனாம்.
பேய்க்குப் பிறந்தநாளா என்றேன்.
"தெரியல. சூப்பு மட்டும் மூணு அண்டா."
விரல் இடுக்கெல்லாம் மஞ்சள்,
நலுங்கு வைத்துவிட்டு வந்தவன் மாதிரி.

எனக்கு ஆஸ்பத்திரியில் பில் கவுண்டர்,
அவனுக்கு அடுப்படி.
ஏழு மாதத்தில் இப்போதுதான்
இரண்டு பேருக்கும் ஒரே சனி, ஒரே ஞாயிறு.

பத்து மணி வரை நாங்களும் எழவில்லை,
ஏரியும் எழவில்லை.
மூடுபனி எங்கள் வாசலில்
செருப்புகளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.
காலையில் பரங்கி அடை.
மத்தியானம் மலைப்பூண்டு போட்டுப் பரங்கிப் புளிக்குழம்பு.
விதையைக் கழுவி வெயிலுக்கு வைத்தேன்;
வெயில் வரவில்லை,
குரங்கு வந்தது.

சாயங்காலம் ஏழு ரோடு வரை நடந்தோம்.
ஸ்வெட்டர் கடை வாசலில்
கறுப்பு அங்கி போட்ட ஒரு சிறுவன்.
கோரைப்பல் வாயில் நிற்கவில்லை போல,
கையில் பிடித்துக்கொண்டு சோளம் தின்றான்.
கடை நிலைக்கு மேலே
எந்நாளும் தொங்கும் திருஷ்டிப் பூசணி
மீசையும் நாக்குமாய் அவனை முறைத்தது.
"நம்ம ஆளுக்கு வருஷம் முழுக்க டியூட்டி"
என்றான் தவசி, சம்பளப் பேச்சுப் பேசும் குரலில்.

ராத்திரி கரண்ட் போனது.
கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு
பீரோவுக்குப் பின்னால் நின்று உறுமினான்.
பூண்டு வாசத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.
"நீ எதுக்குமே பயப்பட மாட்டியா?"
ஐந்தாம் தேதி வரட்டும், என்றேன்,
வங்கிக்காரன் மெசேஜ் போடுவான்.

ஞாயிறு, கல்லறைத் திருநாள்.
அப்பா போய் வருகிற முதல் கல்லறைத் திருநாள்.
சவரிமுத்து என்ற எழுத்தில் இன்னும் பெயிண்ட் பளபளப்பு.
மழை நிற்கிற மாதிரி நின்று
மறுபடி தொடங்கியது.
மற்றவர்கள் குடை பிடித்தார்கள்,
வாட்டர் பாட்டிலை அறுத்துக் கவிழ்த்தார்கள்.
நான் பதினான்கு தீக்குச்சி கிழித்தேன்.
மோனிக்கா சித்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.

தவசி ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டிக்குப் போனான்.
சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தது
முப்பத்திரண்டாவது.
கத்தி வழுக்கி வாய் கிழிந்ததால்
செஃப் தள்ளிவிட்டதாம்.
மெழுகுவர்த்தியை அதன் வயிற்றில் நட்டு
மூடியைச் சாய்த்து வைத்தான்.

நின்று எரிந்தது.

"என்னடி இது கூத்து, சாமியார் பாத்தா..."
என்று சித்தி தொடங்கினாள்.
நான் அந்த வாயையே பார்த்தேன்.
இடது பக்கம் கன்னம் வரை இழுத்துக்கொண்டு போன வாய்.
அப்பாவுக்கும் கடைசி நான்கு மாதம்
அந்தப் பக்கம்தான்.
கஞ்சி ஒழுகும், சிரிப்பும் ஒழுகும்.
தவசி வேண்டுமென்றே செய்தானா,
கத்திதான் வழுக்கியதா,
நான் கேட்கவில்லை.
முதலில் சிரித்தேன்.

சாமியார் வரிசையாக மந்திரித்துக்கொண்டே வந்தார்.
எங்கள் முன்னால் ஒரு நொடி நின்றார்.
சிலுவைக்குத் தெளித்தார்,
பரங்கிக்கும் தெளித்தார்,
அடுத்த கல்லறைக்குப் போனார்.

திங்கள் காலை டியூட்டிக்குப் போகிற வழியில்
கேட்காரர் கைகாட்டி நிறுத்தினார்.
சரிந்த மதில் வழியாக
ராத்திரி காட்டெருமை ஒன்று உள்ளே வந்ததாம்.
ஒரு மாலையைக்கூடத் தொடவில்லை,
நேராக எங்கப்பாவிடம் போய்
முகத்தை மொத்தமாய்த் தின்றுவிட்டு
மெழுகை மட்டும் துப்பியிருக்கிறது.

சாணியை மிதித்துவிடாதேம்மா என்றார்.

டிபன் பாக்ஸில்
பரங்கிப் பொரியல்.
இன்னும் இரண்டு நாளைக்கு வரும்.